கிளாரினெட் முளைக்கும் காடு

கிளாரினெட்டை மேல்நாட்டு வாத்தியம் என்கிறோம். 1700 வாக்கில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் டென்னர் என்பவர் செய்தது. பாண்டு வாத்தியமாகத் தஞ்சாவூர் அரண்மனைக்கு வந்தது. மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர் மேளத்துக்குள் சேர்த்தார். எங்கள் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதை மேடையின் நடுவில் உட்காரவைத்து 2008இல் சங்கீத கலாநிதியும் வாங்கினார். இவ்வளவும் ஊரில் பழைய வாத்தியக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் அந்தக் கருப்பு மரம் மேல்நாட்டில் விளைவதில்லை. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் முள்ளும் கோணலுமாக நிற்கிற ஒரு மரத்தின் வைரம் அது. சுவாஹிலியில் ம்பிங்கோ என்பார்கள். நம் ஈட்டி மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நான் வாத்தியம் பழுது பார்க்கிறவன். கிளாரினெட்டில் பெரும்பாலும் மேல் துண்டுதான் முதலில் விரியும். உள்ளே வாசிக்கிறவரின் மூச்சு ஈரம், வெளியே சபா ஏ.சி.யின் வறட்சி. மார்கழிக் கச்சேரிகள் முடிந்து தை பிறந்ததும் பட்டறைக்கு வருகிற வாத்தியங்களில் சாவித் துளை ஓரமாக ஒரு மயிரிழைக் கோடு ஓடியிருக்கும். அதே மரத்தை அரத்தால் ராவி, அந்தத் தூளைப் பசையோடு குழைத்து உள்ளே தள்ளி, காய்ந்ததும் தேய்த்துவிட்டால் கோடு இருந்த இடம் தெரியாது. தூள் மேலே பட்டால் அரிக்கும். ஒரு சீவலைத் தண்ணீர் டம்ளரில் போட்டால் மிதக்காது, கல் மாதிரி அடிக்குப் போய் உட்காரும். வெறும் கருப்பு என்று நினைப்போம். விளக்குக்கு நேரே பிடித்தால் கத்தரிப்பூ நிறம் உள்ளே ஓடுவது தெரியும்.

நாதஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டைக்காரர்கள் ஆச்சா மரம் தேடுகிறார்கள் என்பது தெரிந்த கதை. பழைய வீடு இடிபடுகிறது என்றால் உத்தரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். ம்பிங்கோவுக்கு அப்படி வீடுவீடாகத் தேட முடியாது. அது காட்டில்தான் முற்ற வேண்டும். நெஞ்சு உயரத்தில் குறுக்களவு 24 சென்டிமீட்டர் எட்டாத மரத்தை வெட்டக்கூடாது என்பது தான்சானிய விதி. அந்தப் பருமன் வர 70 முதல் 100 ஆண்டு பிடிக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வெட்டி அறுத்து, வெளிறிய மேல்மரத்தையும் வெடிப்பையும் கோணலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், வாத்தியத்துக்கு ஆகிற கட்டை பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

என் மருமகன் தார் எஸ் சலாமில் கணக்கு வேலையில் இருந்த சமயம் நாங்களும் போய்த் தங்கியிருந்தோம். அங்கே ம்வெங்கே என்கிற இடத்தில் மகொண்டே சிற்பிகளின் சந்தை இருக்கிறது. என் பட்டறையில் கிராம் கணக்கில் பத்திரப்படுத்துகிற மரம் அங்கே கால் வைக்கும் இடமெல்லாம் சில்லாகக் கிடந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோரும் தெற்கே கை காட்டினார்கள்: கில்வா, லிண்டி. அந்தத் திசையில் போய்த்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது. பாதி நேரில் பார்த்தது, பாதி படித்தது.

கில்வா பழைய துறைமுகம். சோழர் காலத்துக்குச் சற்றுப் பின்னே பொன்னும் தந்தமும் விற்றுக் கொழுத்த தீவு. பவளக்கல் மசூதியின் இடிபாடு இன்னும் நிற்கிறது. பொன் வணிகம் போன பிறகும் காட்டை விற்றுப் பிழைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மண்ணுக்கடியில் புதைந்து கல்லாகிப்போன கோபால் பிசினைத் தோண்டி எடுத்து, கடன் கொடுத்த குஜராத்தி வணிகர் கையில் ஒப்படைப்பார்கள். சான்சிபார் வழியாக அது வார்னிஷ் காய்ச்ச சேலம் வரைக்கும் போனது. நம் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். பிறகு காட்டு ரப்பர். காடு அன்றைக்கு அந்த ஊர்களுக்கு உப்பு புளி வாங்குகிற காசு. இதை மறந்துவிட்டு மேற்கொண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜெர்மானியர் வந்தார்கள். அவர்கள் நாட்டில் வனவியல் ஒரு பெரிய படிப்பு. அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். 1890களிலேயே ருஃபிஜி முகத்துவாரத்துச் சதுப்புக் காட்டைக் கட்டுப்பாட்டில் எடுத்தார்கள். 1904இல் காட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடு போட்டுக் கல் நட்டார்கள். கோட்டுக்குள்ளே குடியிருக்கக் கூடாது, தீ வைத்து உழக் கூடாது, வேட்டை கூடாது. இன்னொரு பக்கம் ஊருக்கு ஊர் கட்டாயப் பருத்தி. கூலி என்று கையில் வந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1905 ஜூலையில் கில்வாவுக்கு வடமேற்கே மாதும்பி மலையில், நாண்டேட்டே என்ற ஊரில், ஜனங்கள் பருத்திச் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். மாஜி மாஜி கிளர்ச்சி தொடங்கியது அங்கேதான். மந்திரித்த தண்ணீர் குண்டுகளைத் தண்ணீராக்கும் என்று சொன்ன கிஞ்சிகிட்டிலே ங்வாலேயை ஆகஸ்டிலேயே தூக்கில் போட்டுவிட்டார்கள். கிளர்ச்சி 1907 வரைக்கும் ஓயவில்லை. பயிரையும் தானியக் குதிரையும் கொளுத்திப் பஞ்சத்தை உண்டாக்கித்தான் அடக்கினார்கள். செத்தவர்கள் 75,000 என்பதிலிருந்து 3 லட்சம் வரைக்கும் கணக்குச் சொல்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது பருத்தியும் மந்திரத் தண்ணீரும் வரும், காடு பெரும்பாலும் வராது. காட்டை அடைத்ததும் அந்தக் கோபத்தில் சேர்த்தி என்று தடேயஸ் சன்செரி என்கிற வரலாற்றாசிரியர் ஆவணங்களைக் கொண்டு எழுதியிருக்கிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் முறை கொஞ்சம் மாறியது, போக்கு மாறவில்லை. செலூஸ் வேட்டைக் காப்பகத்தை அகலப்படுத்தினார்கள். 1940களில் உறங்குநோயைக் காரணம் காட்டி, கில்வாவுக்கு மேற்கே லிவாலே பக்கத்து ஜனங்களை ஆயிரக்கணக்கில் கிளப்பிவிட்டார்கள். போர், பஞ்சம், கிளப்பல் என்று மனிதர் போன இடத்திலெல்லாம் காடு ஏறியது. இன்றைக்கு சுற்றுலாப் பிரசுரங்களில் "தொன்மையான கானகம்" என்று போடுகிறார்களே, அதில் ஒரு பகுதி தாத்தாவின் சோளக்கொல்லை.

1961இல் சுதந்திரம். 1970களில் அதிபர் நியரேரேயின் அரசு சிதறிக்கிடந்த குடிகளைச் சாலையோரத்தில் உஜாமா என்கிற கூட்டுக் கிராமங்களில் கொண்டுவந்து குடியேற்றியது. பல இடங்களில் வலுக்கட்டாயமாக. வீட்டுக் கூரையைப் பிரித்து லாரியில் ஏற்றிய கதைகள் உண்டு. விவசாயம் அடிபட்டது, பழைய கொல்லைகள் காடாயின. அந்தத் திட்டத்தைப் புகழ நான் வரவில்லை. ஆனால் அது ஒரு காகிதத்தை விட்டுப்போனது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கிராமமும் பதிவுபெற்ற அமைப்பு: வயதுவந்த எல்லோரும் சேர்ந்த ஊர்ச்சபை, தேர்ந்தெடுத்த மன்றம், எல்லை, கணக்கு. வழக்குப் போடலாம், ஒப்பந்தம் போடலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் "ஊருக்கே காடு" என்று பேச ஆரம்பித்தபோது, ஊர் என்றால் யார், தலைவர் குடும்பமா, புதிதாக ஒரு சங்கமா என்று திண்டாடினார்கள். தான்சானியாவில் கேள்வி எழவில்லை. ஊர் ஏற்கெனவே முத்திரையோடு உட்கார்ந்திருந்தது.

அந்தக் காகிதம் முதலில் வேலைக்கு ஆனது கில்வாவில் இல்லை, வடக்கே பாபாத்தி மாவட்டத்து டூரு-ஹைத்தம்பாவில். சுமார் 9,000 ஹெக்டேர் மியோம்போ என்கிற வறண்ட காடு. சுற்றிலும் எட்டுக் கிராமங்கள். 1990களின் தொடக்கத்தில் அதை அரசுக் காப்புக்காடாக அறிவிக்கப் போகிறோம் என்று அளக்க வந்ததும், எப்படியும் போகப்போகிறது என்று ஊரார் அவசர அவசரமாக வெட்ட ஆரம்பித்தார்கள். அதிகாரிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் லிஸ் வைலி என்கிற நில உரிமை நிபுணரின் துணையோடு பேச்சு நடந்து, காடு ஊர்களுடையது என்று முடிவானது. எல்லையைப் பங்குபோட்டு, விதி எழுதி, வெட்டை நிறுத்தியவர்கள் அதே ஊரார். 1995 வாக்கில் அந்த விதிகளுக்குச் சட்ட பலமும் வந்துவிட்டது. அங்கே பிடித்த தீ 1998 வனக் கொள்கை, 1999 கிராம நிலச் சட்டம், 2002 வனச் சட்டம் என்று பரவியது. கடைசிச் சட்டத்தில்தான் உயிர்நாடி இருக்கிறது: கிராமம் தன் நிலத்துக் காட்டைத் தானே காப்புக்காடு என்று அறிவித்துக்கொண்டால், அதில் வெட்டுகிற மரத்துக்கு மத்திய அரசுக்கு ராயல்டி கட்ட வேண்டாம். விலையை ஊரே வைக்கலாம், காசு ஊருக்கே.

காட்டைக் காவல் காக்கச் சொல்லி அந்த ஜனங்களிடம் வந்தவர்கள் நூறு வருஷமாக வரிசையில் நிற்கிறார்கள். ஜெர்மன் வன அதிகாரி, பிரிட்டிஷ் வேட்டை அதிகாரி, பிறகு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். விற்கிற உரிமையைக் கையில் கொடுத்தது 2002இல்தான். என்னைக் கேட்டால் தான்சானியக் கதையில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

ஆனால் சட்டம் எழுதிய தாளில் ஈரம் காயுமுன்னே பாலம் வந்துவிட்டது. அதுவரை தார் எஸ் சலாமிலிருந்து தெற்கே போக ருஃபிஜி ஆற்றைப் படகுத்துறையில் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் வழியே இல்லை. 2003இல் ம்காப்பா பாலம் திறந்தது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். அதன் மேலே முதலில் ஓடியவை மர லாரிகள். சீனாவுக்கு மரம் கப்பல் கப்பலாகப் போனது. 2007இல் டிராஃபிக் என்கிற வணிகக் கண்காணிப்பு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசுக்கு வந்திருக்க வேண்டிய மர வருவாயில் 96 சதவீதம் வரைக்கும் வராமலே போயிருக்கலாம் என்றது. தான்சானியா அனுப்பியதாக எழுதிவைத்ததைப் போலப் பத்து மடங்கு மரத்தைச் சீனா இறக்குமதிக் கணக்கில் காட்டியிருந்தது. ஊராருக்கு? வெட்டுக் கூலி, தலைவருக்கு ஏதோ கைச்செலவு. ஒரு ம்பிங்கோ கட்டைக்குக் கில்வாக் கிராமங்களுக்குக் கிடைத்ததாகப் பின்னால் சொல்லப்பட்ட தொகை 8 அமெரிக்க சென்ட்.

1996இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் ம்பிங்கோவை எண்ணுவதற்காக அந்தப் பக்கம் வந்திருந்தார்கள். அந்த முயற்சிதான் வளர்ந்து தான்சானியர்களே நடத்துகிற ம்பிங்கோ பாதுகாப்பு வளர்ச்சி அமைப்பாக ஆனது. அதன் தலைவர் மகாலா ஜாஸ்பர் 2016இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். கிக்கோலே, கிசாங்கி என்ற கிராமங்களோடு தொடங்கி, பொறுப்போடு பராமரிக்கிற காட்டுக்குத் தருகிற எஃப்.எஸ்.சி. சான்றை 2009இல் வாங்கினார்கள். ஆப்பிரிக்காவில் ஊரார் பார்த்துக்கொள்கிற இயற்கைக் காட்டுக்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். அந்த வருஷம் சொன்ன கணக்கில் கட்டைக்கு 8 சென்ட் 19 டாலரானது.

இப்படி மரம் விற்பதற்கு ஊர் செய்ய வேண்டிய வேலை கொஞ்சமில்லை. ஊர்ச்சபை கூடி இயற்கை வளக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்களும் இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு எல்லையை நடக்க வேண்டும். சண்டை வருவது அங்கேதான். ஓர் ஓடையை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்பதிலிருந்து ஆரம்பிக்கும். பிறகு காட்டைக் கட்டம் கட்டமாக எடுத்து, நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி மரங்களை அளந்து, வருஷத்துக்கு இன்ன மரம் இத்தனைதான் என்று திட்டம் எழுதி, விதிகளுக்கு மாவட்ட மன்றத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். கால்நடையாகக் காவல். வெட்டின மரத்துக்கும் அடிக்கட்டைக்கும் சுத்தியல் முத்திரை.

தீயும் ஒரு தனி வேலை. ம்பிங்கோ தீயைத் தாங்கும், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் கோடை முற்றிப் புல் சருகாய் நிற்கையில் பிடிக்கிற தீ மரத்தின் அடியைச் சுட்டுவிடும். அந்தப் புண் வழியாக வைரம் உளுக்கும். வெளியே முழுசாய் நிற்கிற மரம், அறுத்தால் குழாய். அதனால் மழை விட்டு, புல் பாதி பச்சையாக இருக்கும்போதே குழுவினர் தாங்களே போய்க் குளிர்ந்த தீயாக வைத்துவிடுகிறார்கள். வறண்ட காலத்தில் எரிய மிச்சம் இருக்காது. தீ வைக்காதே என்பதுதான் ஜெர்மானியர் காலத்திலிருந்து அவர்களுக்கு வந்த உத்தரவு.

நாங்கள் பாலம் தாண்டி நங்குருகுரு சந்திப்பில் இறங்கி, உள்ளே மண் ரோட்டில் ஒரு கிராமத்துக்குப் போனோம். குழுத் தலைவர் பெரியவர். மருமகன் முன்கூட்டியே சொல்லியிருந்தபடி, மூத்தவர்களுக்குச் சொல்லும் வணக்கமாக "ஷிகமூ" என்று வணங்கினேன். என் நரையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே "மரஹபா" என்று ஏற்றுக்கொண்டார். என்னைவிட அவருக்கு வயது அதிகம்தான். காட்டுக்குள் ஓர் அடிக்கட்டையைக் காட்டினார். வெளிர் வளையம், நடுவே கருப்பு, ஓரத்தில் முத்திரை எழுத்து, பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குப் புதுத் துளிர். அதன் முள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

பையில் ஒரு பழைய கிளாரினெட்டின் மேல் துண்டு வைத்திருந்தேன். கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஊதிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. குழுவின் செயலர், நாற்பது வயதிருக்கும் அம்மா, நேராக விலையைக் கேட்டார். நல்ல கருவி மூன்று நான்கு லட்சம் ரூபாய் என்று மருமகன் ஷில்லிங்கில் சொன்னான். இதில் மரம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி. சாவி உலோகத்தையெல்லாம் சேர்த்தே முழு வாத்தியமும் ஒரு கிலோ வராது என்றேன். அவர் நோட்டை எடுத்து ஏதோ பெருக்கிப் பார்த்தார். மூடி வைத்துவிட்டு, அறுக்கிற பட்டறையில் எவ்வளவு வீணாகிறது என்று கேட்டார். வணிகனிடம் எதைக் கேட்க வேண்டுமோ அதைச் சரியாகக் கேட்டார்.

அவர் நோட்டுக் கணக்கு எனக்கும் பின்னால் விளங்கியது. வாத்தியத்துக்கான ம்பிங்கோ மட்டும் ஓர் ஊரைத் தாங்காது. உலகத்துக்கு வேண்டிய கிளாரினெட் கொஞ்சம். வாங்குகிற ஆலைகளும் கைவிரலில் அடங்கும். கில்வாக் காடுகளின் பெரும் வருவாய் கதவுக்கும் கட்டிலுக்கும் போகிற மரங்களிலிருந்துதான்: ம்பங்கபங்கா, ம்கோங்கோ, நம் வேங்கைக்கு உறவான ம்னிங்கா. நஞ்சிரிஞ்சி என்கிற கிராமத்துக்கு 60,000 ஹெக்டேருக்கு மேலே காடு. அந்த மரக் காசில் பள்ளி வகுப்பறை கட்டினார்கள், சந்தை கட்டினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கையில் பணம் கொடுத்தார்கள். ம்பிங்கோவின் பெயர் பேனர் மாதிரி முன்னே போகிறது, வேலையைப் பின்னால் வருகிற மற்ற மரங்கள் செய்கின்றன.

என் தொழிலையும் இது தொட்டது. 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தம் ஈட்டிச் சாதி முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டுக்குக் கிளாரினெட் அனுப்பவும் வரவழைக்கவும் காகிதம் கேட்டார்கள், கச்சேரிக்காரர்கள் பயந்தார்கள், பட்டறைக்காரர்கள் புலம்பினோம். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது. காட்டுக்குள் ஊர்க்குழு நாடா சுற்றி அளந்து வெட்டின மரத்துக்கும், இரவில் லாரி ஏற்றின மரத்துக்கும் அந்தப் பட்டியல் வித்தியாசம் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத முடியாது. 2006, 2007இல் உசாங்கு சமவெளியிலிருந்து மாடு மேய்ப்பவர்களை அரசு வெளியேற்றி லிண்டிப் பக்கம் போகச் சொன்னது. சுகுமா இனத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான மாடுகளோடு வந்து சேர்ந்தன. காட்டைத் தன்னுடையது என்று ஊர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்த அதே சமயத்தில், அந்த ஊரில் இல்லாதவர்களுக்கு மேய்ச்சல் எங்கே என்ற கேள்வி வந்து நின்றது. இன்னொரு பக்கம் எள். லிண்டி மண்ணில் எள் நன்றாக வரும். புதிதாகக் காடு வெட்டிக் கொளுத்திய சாம்பல் மண்ணில் இன்னும் நன்றாக வரும். ம்பிங்கோ எழுபது வருஷம் கழித்துத் தருகிறதை எள் நாலு மாதத்தில் தருகிறது. அந்தக் காசு ஊர்ப் பொதுக் கணக்குக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வருகிறது. குழுத் தலைவரின் சொந்த மருமகனே எல்லைக்குப் பக்கத்தில் எள் போட்டிருந்தான். இவர் போய் நாடா பிடித்து அளந்து, கோட்டுக்கு உள்ளே வந்திருந்த இரண்டு வரிசைக்கு அபராதம் எழுதியிருந்தார். ரசீதுப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். மகள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம்.